மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை: பிசிஆருக்கு முன்பே தொடங்கும் பிழைகள்

சுவாச வைரஸ் தொற்றோடு வருபவருக்கு நோய் முற்றுமா என்பதை ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்என்ஏவை (மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏ துண்டுகளை) அளந்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. சுமார் 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள இந்தத் துண்டுகள், புரதங்களோடு ஒட்டியும் நுண்பைகளுக்குள் பொதிந்தும் உலவுவதால் எளிதில் சிதைவதில்லை. ஆனால் முடிவைக் கெடுக்கும் பிழைகளில் பல, ரத்தம் எடுத்துப் பிரிக்கும்போதே நுழைந்துவிடுகின்றன.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாய் வேண்டாம். அது பிசிஆர் (மரபுப் பொருளைப் பெருக்கி அளக்கும் முறை) நொதிகளைத் தடுக்கும். ஈடிடிஏ என்ற வேறொரு உறைதடுப்பான் சேர்த்த குழாயே சரி. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்), பிளாஸ்மா (உறையாத ரத்தத்தின் திரவம்) இரண்டையும் ஒரே ஆய்வில் கலக்கக் கூடாது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள மைக்ரோ ஆர்என்ஏவை வெளியே கொட்டுகின்றன. பிளாஸ்மாவைப் பிரிக்க, ரத்தத்தை 1,900 ஜி விசையில் (புவியீர்ப்பின் 1,900 மடங்கு) 10 நிமிடம் சுழற்றி, வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் மேல்பகுதியை மட்டும் எடுத்து, மறுபடி 16,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்ற வேண்டும். இரண்டாம் சுழற்சியை விட்டுவிட்டால், எஞ்சிய தட்டணுக்கள் மாதிரியைக் குளிரில் உறைய வைக்கும்போது உடைந்து மைஆர்-223, மைஆர்-126 என்ற மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவைப் பொய்யாக உயர்த்தும்.

எல்லாவற்றிலும் மோசமானது சிவப்பணுச் சிதைவு. மைஆர்-451ஏ, மைஆர்-16, மைஆர்-486 மூன்றும் சிவப்பணுக்களில் நிறைந்தவை. கண்ணுக்கு இளஞ்சிவப்பு தெரியாத பிளாஸ்மாவிலும் சிதைவு இருக்கலாம். அதனால் 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்து, 0.2ஐத் தாண்டினால் ஒதுக்குவது நல்லது. மைஆர்-23ஏவின் சிடி மதிப்பிலிருந்து (பிசிஆரில் குறி தென்படும் சுழற்சி எண்) மைஆர்-451ஏவின் சிடி மதிப்பைக் கழித்தால் 7க்கு மேல் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; வந்தால் சிதைவு இருக்கலாம். இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மெல்லிய குழல் வழியே இழுத்தெடுக்கும் ரத்தம் அதிகம் சிதையும். புறநோயாளியிடம் ஊசியால் நேரடியாக எடுத்தது அவ்வளவு சிதையாது. இரண்டையும் ஒப்பிட்டால் மைஆர்-451ஏ 'தீவிரத்தின் குறியீடு' போலத் தோன்றும். உண்மையில் அளந்தது ரத்தம் எடுத்த விதத்தைத்தான்!

பிரித்தெடுப்பில், புறக் கட்டுப்பாடான (ஒப்பிட வெளியிலிருந்து சேர்க்கும்) செல்-மைஆர்-39 என்ற புழுவின் மைக்ரோ ஆர்என்ஏவை, செல் உடைப்புக் கரைசல் பிளாஸ்மாவோடு நன்றாகக் கலந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் பிளாஸ்மாவின் ஆர்என்ஏ சிதைக்கும் நொதிகள் அதை உடனே தின்றுவிடும். பிளாஸ்மா ஆர்என்ஏவின் செறிவை ஒளி உறிஞ்சலால் அளப்பதை நம்ப முடியாது. எல்லா மாதிரிக்கும் ஒரே கனஅளவு, உதாரணமாக 200 மைக்ரோலிட்டர், எடுப்பதே வழி. யு6 என்ற சிறு ஆர்என்ஏ பிளாஸ்மாவுக்கு ஏற்ற ஒப்பீட்டு மூலக்கூறு அல்ல. சிவப்பணுச் சிதைவுக்கு ஆடும் மைஆர்-16உம் அப்படியே.

சரியாக அளந்தாலும், அந்த எண் வைரஸைப் பற்றிப் பேசுவதில்லை. உடலின் எதிர்வினையைப் பற்றியே பேசுகிறது. மைஆர்-155, மைஆர்-146ஏ பாக்டீரியாத் தொற்றிலும் மாறும். எனவே ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிட்ட ஆய்வு மருத்துவருக்கு உதவாது. பாக்டீரியா நிமோனியா நோயாளிகளும் ஒப்பீட்டில் இருக்க வேண்டும். எந்த வைரஸ் என்று அறிய மூக்குத் துடைப்பு மாதிரியின் பிசிஆர் போதும். மைக்ரோ ஆர்என்ஏவின் இடம் முன்கணிப்பு. அங்கேயும் வயது, ஆக்சிஜன் அளவு, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) ஆகியவை சொல்வதற்கு மேல் அது ஏதாவது சொல்கிறதா என்று வேறு மருத்துவமனையின் நோயாளிகளிடம் சோதித்தாக வேண்டும். அளவை மாற்றக்கூடிய இரு விவரங்களான, அறிகுறி தொடங்கிய நாளையும் முதல் ஸ்டீராய்டு கொடுத்த நேரத்தையும் மாதிரியோடு பதிவு செய்யாவிட்டால், அந்த ஒப்பீட்டைச் செய்யவே வழியில்லை.