சர்க்கரைப் பூனையும் ராத்திரி 12 கிராமும்

எங்கள் வீட்டின் மூன்று பூனைகளில் ஒருவனுக்கு நீரிழிவு. அவனுடைய காலைச் சுகர் 380. இன்சுலின் டோஸை 1 யூனிட்டிலிருந்து ஒன்றரை ஆக்கினோம். 370, 390 என்றே ஓடியது. ஒன்றரையை இரண்டாக்கினோம், அப்போதும் அதே கதை. இன்சுலினையே மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. இவ்வளவு நாளில் சாப்பாடு பற்றி வந்தது ஒரே கேள்வி: "டின் உணவுதானே கொடுக்கறீங்க?" ஆமாம், டின்தான். வீட்டில் இன்னும் எத்தனை பூனை, அவை என்ன தின்கின்றன, அந்தக் கிண்ணங்கள் எங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியில் காட்டிக்கொடுத்தது சமையலறைத் தராசு. மூவரில் இளைய பூனைக்கு, அதாவது இளசுக்கு, வைக்கும் உலர் உணவை ராத்திரி 40 கிராம் நிறுத்து வழக்கமான இடத்தில் வைத்தோம். இளசை ஓர் அறையிலும், சிறுநீரகக் கோளாறு உள்ள வயதான பூனையான கிழவியை இன்னோர் அறையிலும் விட்டுக் கதவைச் சாத்தினோம். காலையில் கிண்ணத்தில் 28 கிராம். காணாமல் போன 12 கிராமுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன்தான் வெளியே இருந்தான். மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தோம். மூன்று நாளும் பத்துக்கு மேல்.

பன்னிரண்டு கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். லேபிளை வைத்துக் கணக்குப் போட்டால்தான் வயிறு கலங்கும். மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலான லேபிளில் இருக்காது. நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். நூறிலிருந்து புரதம், கொழுப்பு, ஈரப்பதம், சாம்பல் (தாது உப்புகள்), நார் ஐந்தையும் கழித்தால் மிச்சம் மாவுச்சத்து. சாம்பல் போடவில்லை என்றால் டின்னுக்கு 2, உலர் உணவுக்கு 7 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. புரதம் 11, கொழுப்பு 6, ஈரம் 78, சாம்பல் 2, நார் 1 என்று போட்ட டின்னில் மிச்சம் 2. புரதம் 32, கொழுப்பு 14, ஈரம் 8, சாம்பல் 7, நார் 4 என்று போட்ட உலர் உணவில் மிச்சம் 35.

இங்கே நிறுத்தினால் பாதிக் கணக்குதான். டின்னில் முக்கால்வாசி தண்ணீர் என்பதால் இரண்டையும் எடையை வைத்து ஒப்பிட முடியாது. கலோரியில் பங்கு பார்க்க வேண்டும். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அந்த டின்னில் 100 கிராமுக்குச் சுமார் 96 கலோரி, அதில் மாவுச்சத்து 7 கலோரி, அதாவது ஏறக்குறைய 7 சதவீதம். உலர் உணவில் 353-க்கு 122, கிட்டத்தட்ட 35 சதவீதம். சர்க்கரைப் பூனைக்கு இது 10, 12 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பதே பொதுவான அறிவுரை. ஐந்து கிலோப் பூனை ஒரு நாளைக்கு இந்த டின்னில் 230 கிராம் போலச் சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்து நாலரை கிராம். ராத்திரித் திருட்டில் போனது நாலு கிராம் சொச்சம். ஒரு நாள் முழுக்க டின்னில் போவதற்குச் சமமான மாவுச்சத்து, ஒரு சின்னப் பிடிக்குள். பூனையின் கல்லீரலுக்கு மாவுச்சத்தைக் கையாளும் சாமர்த்தியம் குறைவு. ஏறிய சுகர் இறங்கவும் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் 380 காட்டியதில் இன்சுலின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"தானியம் இல்லாதது" என்று எழுதியிருந்தால் நம்பிவிடாதீர்கள். உலர் உணவை உருண்டையாகப் பிடிக்க ஏதாவது ஒரு மாவு வேண்டும். அரிசி இல்லையென்றால் உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளியோ உள்ளே இருக்கும். நீரிழிவுக்கென்றே விற்கும் உலர் உணவிலும் நல்ல டின்னைவிட மாவுச்சத்து கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். வெட் ஃபுட்டிலும் குழம்போடு துண்டு துண்டாக வருவதைச் சந்தேகப்படுங்கள், குழம்பு கெட்டியாவது பெரும்பாலும் மாவால்தான். களிபோல் இறுகிய பாட்டே வகை அனேகமாகப் பாதுகாப்பு. இதற்கெல்லாம் தப்பி வருபவை சில்லறைத் தீனிகள்: பல் சுத்தம் செய்யும் பிஸ்கட், மாத்திரையை மறைக்கும் உருண்டை, முடிக்கட்டிக்குக் கொடுக்கும் மால்ட் பேஸ்ட், பால். உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல் வேகவைத்த கோழி நாலு துண்டு கொடுத்தால் ஒன்றும் ஆகாது.

கிண்ணத்துக்கு மூடி போட்ட கையோடு டாக்டரைக் கூப்பிடாததுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. டோஸை ஏற்றியதே அந்தத் திருட்டுத் தீனியைச் சமாளிக்க. தீனி நின்றுபோனால் அதே டோஸ் கூடுதல். மூன்றாம் நாள் மதியம், ஊசி போட்டு ஆறு மணி நேரம் ஆனபோது நடை தள்ளாடியது, பின்னங்கால் கோணியது. காது நுனியில் குத்திப் பார்த்தால் சுகர் 48, ஆபத்தான அளவுக்குக் குறைவு. மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும், ஆனாலும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை. விரலில் தேன் தொட்டு ஈறில் தேய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றவே கூடாது, புரையேறும். வலிப்பு வந்திருந்தால் பல்லுக்கு நடுவே விரலையும் விடக் கூடாது. தெளிந்ததும் சாப்பாடு, கால் மணிக்கு ஒருமுறை டெஸ்ட், இதற்கிடையில் டாக்டருக்கு போன். தேனால் ஏறியது ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கும்; இன்சுலின் அதற்குள் தீர்ந்திருக்காது. அன்று மாலை முதல் டோஸ் 1 யூனிட்டுக்குக் குறைந்தது. உலர் உணவிலிருந்து டின்னுக்கு மாறும் எந்தச் சர்க்கரைப் பூனைக்கும் இதே ஆபத்து உண்டு. மாற்றத் தொடங்கும் முன்பே டோஸை என்ன செய்வது என்று கேட்டுவிட வேண்டும்.

ஊசி போடும் கை ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: யு-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) இன்சுலினை யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) இன்சுலினுக்கான சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். கடையில் மாற்றிக் கொடுத்தாலும் கவனிக்க வேண்டியது நாம்தான்.

இனி மற்ற பூனைகள். எல்லாருக்கும் ஒரே டின் என்றால் தொல்லையே இல்லை. ஆரோக்கியமான வளர்ந்த பூனைக்கு மாவுச்சத்து குறைந்த உணவு எந்தக் கெடுதலும் செய்யாது. இளசு இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தது, பிறகு வழிக்கு வந்தது. டின்னில் கொஞ்சம் பழைய உலர் உணவைத் தூளாக்கித் தூவி, பத்து நாளில் தூளை நிறுத்தினோம் (அந்தத் தூள் கிண்ணமும் அறைக்குள்தான்). பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சிக்கல் கிழவியிடம். சிறுநீரகத்துக்கான உணவில் புரதமும் பாஸ்பரஸும் குறைவு. குறைத்த இடத்தை நிரப்புவது கொழுப்பும் மாவுச்சத்தும். அவளுக்கு மருந்தாக இருப்பது இவனுக்கு விஷம், இவனுடைய டின் அவளுக்கு ஆகாது. ஆக, கதவு. காலையும் மாலையும் ஊசி நேரத்தில் மூன்று கிண்ணம், மூன்று இடம், 20 நிமிடம். நேரம் முடிந்ததும் மிச்சத்தை எடுத்து, தரையையும் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். முதல் வாரம் துடைக்காமல் விட்டதன் பலன் மறுநாள் மீட்டரில் தெரிந்தது.

கிழவி ஒரே மூச்சில் தின்ன மாட்டாள், கொறிப்பாள். அவளுக்காக மைக்ரோசிப் ஃபீடர் வாங்கினோம். விளம்பரத்தில் சொல்லாததைச் சொல்கிறேன். மூடி அவள் தோலுக்கடியில் பதித்த சிப்புக்குத்தான் திறக்கும், சரி. ஆனால் அவள் தின்னும்போது திறந்தே இருக்கும். இவன் பக்கவாட்டிலிருந்து தலையை நுழைத்தான். பின்பக்கம் மறைப்பு மாட்டினோம். அவள் தோளோடு தோளாக வந்து நின்றான். ஃபீடரை ஒரு அட்டைப் பெட்டிக்குள் தள்ளி, ஒரு பூனை மட்டும் நுழையும் அகலத்துக்கு வாசல் வெட்டிய பிறகுதான் அடங்கினான். மூடி அசையும் சத்தத்துக்கு அவள் பயப்படாமலிருக்க முதலில் சில நாள் திறந்தே வைத்து, பிறகு படிப்படியாக மூடப் பழக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அவள் பட்டினி, அதனால் மாற்று பேட்டரி எப்போதும் கையில். நேரத்துக்குத் தானாகத் திறக்கும் டைமர் ஃபீடர் இந்த வீட்டுக்கு உதவாது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் சோறு.

திருட்டு எதிர்த் திசையிலும் நடக்கும், அது இன்னும் மோசம். சர்க்கரைப் பூனையின் டின்னை இளசு காலி செய்துவிட்டால், கிண்ணம் சுத்தமாக இருப்பதைப் பார்த்து அவன் சாப்பிட்டுவிட்டான் என்று நினைத்து முழு டோஸ் போட்டுவிடுவோம். அதனால் முதலில் சாப்பாடு, அவன் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. பாதிதான் தின்றான் என்றால் எவ்வளவு போடுவது, சுகர் எந்த எண்ணுக்குக் கீழ் இருந்தால் போடவே கூடாது, வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று மூன்றையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மருத்துவமனை போன் அடித்துக்கொண்டே இருந்தபோதுதான் இது உறைத்தது.

லிட்டர் பாக்ஸிலும் இதே குழப்பம். சுகர் ஏறினால் சிறுநீரும் கூடும்; ஆனால் யார் அதிகம் சிறுநீர் போகிறார்கள் என்று மூன்று பூனை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுநீரகக் கோளாறு உள்ள பூனையும் நிறையத்தான் போகும். வாரத்தில் ஒரு ராத்திரி அவனைத் தனியறையில், தனிப் பெட்டியோடு விட்டு, காலையில் சிறுநீரில் இறுகிய மணல் கட்டிகளை எண்ணி எடை போட்டோம். ஈரம் உறிஞ்சாத மணிகளைப் பெட்டியில் போட்டால் சிறுநீரைச் சிரிஞ்சில் இழுத்துக் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேர்வது) ஸ்ட்ரிப் வைக்கலாம். ஸ்ட்ரிப்பில் நிறம் மாறி, பூனையும் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் அன்றே மருத்துவமனை, மறுநாள் என்று தள்ளக் கூடாது.

எடையையும் வாராவாரம் பார்க்க வேண்டும். குண்டுப் பூனை இளைப்பது நல்லதுதான், வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் போல. ஆறு கிலோவுக்கு 60 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் சுகர் கட்டுப்படவில்லை, அல்லது சாப்பாட்டை வேறு யாரோ தின்கிறார்கள்.

கசிவை அடைத்த ஐந்தாவது வாரம் காலை டெஸ்டில் 140 வந்தது. நம்பாமல் மறு காதிலும் குத்திப் பார்த்தோம், 136. டோஸ் அரை யூனிட்டாகி, பிறகு அதுவும் நின்றது. நின்றாலும் டின் நிற்காது, வாரம் ஒருமுறை காதில் குத்துவதும் நிற்காது. பழைய உணவுக்குப் போனால் நோய் திரும்பக்கூடும்.

நாங்கள் வெளியூர் போன இரண்டு நாளில் பார்த்துக்கொள்ள வந்தவர், பாவம் என்று இளசுக்கு ஒரு கிண்ணம் உலர் உணவு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் 290. மாத்திரையும் டோஸும் எழுதி ஒட்டியிருந்தோமே தவிர, கிண்ணத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இப்போது ஃபிரிட்ஜ் கதவில் மூன்று பூனையின் படமும், அவற்றுக்குக் கீழே கிண்ணத்தின் நிறம், கிராம் கணக்கு, எந்த அறை என்பதும் ஒட்டியிருக்கிறது. உலர் உணவு டப்பா வீட்டிலேயே இல்லை.