ஈசல் பறந்த மறுநாள்

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் எங்கள் சின்னப் பயிற்சி விமானம் செஸ்னா 172ஐ ஹேங்கரிலிருந்து தள்ளி வெளியே எடுக்கும்போதே பார்த்துவிட்டேன், ஓடுபாதை விளக்குகளைச் சுற்றி ஈசல் இறகு குவிந்து கிடந்தது. ஈசலைப் பொறுக்க மைனாவும் ஆள்காட்டியும் இறங்கியிருந்தன. மேலே பருந்துகள் வட்டமிட்டன.

என் மாணவனுக்கு இன்று முதல் சோலோ, நான் இல்லாமல் தனியாக ஓட்ட வேண்டும். "கொஞ்சம் பொறுப்பா, ஜீப் ஒரு சுற்று போய் வரட்டும்" என்றேன். முகம் வாடிவிட்டது.

பட்டாசு வெடித்தால் பருந்து விலகிப் போகும். ஆள்காட்டி போகாது. ஒரு வட்டமடித்துவிட்டு அதே இடத்தில் வந்து நிற்கும். ஓடுபாதை ஓரத்துச் சரளையில்தான் அதன் முட்டை இருக்கும். ஒருமுறை மிதிக்கவே போய்விட்டேன். நான்கு முட்டைகள், கூர்முனை உள்ளே பார்த்தபடி, கல்லோடு கல்லாக.

பெரிய விமானத்தின் முன்கண்ணாடி, பயண வேகத்தில் 1.8 கிலோ பறவை மோதினாலும் தாங்க வேண்டும் என்பது விதி. எங்கள் சின்ன விமானத்துக்கு அப்படி ஒரு விதியே இல்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஒரு பருந்து கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தால் விமானியின் முகத்தில்தான் வந்து விழும். 1912இல் அமெரிக்காவில் கால்பிரெய்த் ரோட்ஜர்ஸ் என்ற விமானி இறந்ததும் ஒரு கடற்பறவையால்தான். அது அவர் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் சிக்கிக்கொண்டது.

இருந்தாலும் எனக்குப் பறவையைவிட நாய் என்றால்தான் பயம். ப்ரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் இடையே ஒரு அடிகூட இல்லை. போன வருடம் இறங்கப் போகும் நேரத்தில் இடப்பக்கமிருந்து ஒரு செவலை நாய் குறுக்கே ஓடி வந்தது. மாணவன் கையிலிருந்து கட்டுப்பாட்டை வாங்கி, முழு த்ராட்டில் கொடுத்து மேலே ஏற்றினேன். சக்கரத்துக்குக் கீழே அது நின்று அண்ணாந்து பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அது வந்த வழி வேலி ஓட்டை. அதற்கு வெளியே யாரோ கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் அப்படிக் கொட்டக் கூடாது என்று 1937ஆம் வருட விமான விதிகளிலேயே இருக்கிறது. ஓட்டையை அடைப்பதோடு வேலை முடியாது, கழிவு நிற்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்தே ஓய்ந்துபோனேன், ஆனாலும் விடப்போவதில்லை.

எட்டேகாலுக்கு ஜீப்பிலிருந்து சரி என்றார்கள். பையன் ஒரு சுற்று போய் அழகாக இறக்கினான். கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை: "சார், வேலி ஓட்டைகிட்ட ரெண்டு நாய் படுத்திருக்கு."