எனக்குக் கிடைத்த இடையன் பாத்திரம்

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர்தான். விஞ்ஞானப் பிரிவுக்காரருக்கு நாங்கள் 'கூத்தாடிகள்'. கிரேக்க அரங்கு படிப்பித்த சேர், சோபோக்கிளிஸின் 'மன்னன் ஈடிப்பஸ்' நாடகத்தை விளங்கப்படுத்தியதோடு விடவில்லை, சில காட்சிகளை மேடையேற்றவும் வேண்டும் என்றார். குரல் உள்ளவனுக்கு ஈடிப்பஸ். என் பக்கத்து வாங்கில் இருந்தவனுக்கு அரசியின் தம்பி கிரயோன். எனக்கு இடையன். ஒரேயொரு காட்சி, அதிலும் பாதி நேரம் வாய்திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதுதான் வேலை.

கதை தெரியாதவர்களுக்கு: தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். முன்னைய அரசன் லாயஸைக் கொன்றவன் ஊரில் இருக்கும்வரை நீங்காது என்கிறது தெய்வவாக்கு. அவனைச் சபித்துவிட்டுத் தேடத் தொடங்குகிறான் ஈடிப்பஸ். பிடிபடுவது அவனே. மூன்று பாதைகள் கூடும் சந்தியில் யாரென்று தெரியாமல் அடித்துக் கொன்றது தகப்பனை. மணந்தது தாயை.

சேர் வகுப்பை நீதிமன்றமாக்கினார். குற்றவாளி யார்? பிறந்த பிள்ளையின் கணுக்காலைத் துளைத்து மலையில் விடச் சொன்ன லாயஸ் என்றான் ஒருவன். தெய்வவாக்குச் சொன்ன அப்பலோ தெய்வம் என்றான் இன்னொருவன். கிரயோன் எழும்பி என்னைக் காட்டினான். "இந்த இடையன்தான் சேர். பிள்ளைக்கு இரக்கப்படாமல் சொன்னபடி மலையில் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது." எல்லாரும் சிரித்தோம். சேர் சிரிக்காமல் கரும்பலகையில் ஓர் அம்பு கீறினார். அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்த்தியா' பாவம் அல்ல, குறி தவறுதல் என்றார்.

பிறகு பாண்டியனுக்குப் போனார். அவன் 'யானே கள்வன்' என்று சொன்ன இடத்திலேயே விழுந்து உயிரை விட்டான். ஈடிப்பஸ் சாகவில்லை. தூக்கில் தொங்கிய, தாயும் மனைவியுமான யொகாஸ்டாவின் உடை ஊசிகளால் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். துன்பத்தைத் தந்தது அப்பலோ, குத்தியது என் கை என்கிறான். அதற்குப் பிறகும் மகள்மாரைத் தொட்டுப் பார்க்கக் கேட்கிறான். சேருக்கு அந்த இடத்தில் எப்போதும் குரல் தழுதழுக்கும். பதினெட்டு வயதில் எங்களுக்கு அது பகிடி.

நாட்டை விட்டு வந்தபின், இரவு வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் 'கொலோனஸில் ஈடிப்பஸ்' வாசித்தேன். தொண்ணூறை அண்டிய வயதில் சோபோக்கிளிஸ் எழுதியது. கை என்னுடையது என்ற அதே மனிதன், தெரியாமல் நடந்தது, நான் குற்றவாளி இல்லை என்று நிமிர்ந்து சொல்கிறான். கிழவன் மனம் மாறிவிட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சுமக்க அவனுக்கு அத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

சரி, எங்கள் மேடையேற்றத்தின் முகமூடிக் கதைக்கு வருகிறேன். கடதாசிக் கூழில் சேரே செய்த முகமூடிகள் அவை. மேடையேற்றத்துக்கு முதல்நாள் இரவு மண்டபத்தில் மின்சாரம் போனது. இருட்டில் நான் மிதித்தது கிரயோனுடைய முகமூடியை. சத்தம் கேட்டது. பேசாமல் வெளியே வந்துவிட்டேன். அடுத்தநாள் பேச்சு விழுந்தது கிரயோனுக்கு: தன் முகமூடியைப் பார்க்கத் தெரியாதவனுக்கு மேடை எதற்கு? நாடகத்திலும் செய்யாத குற்றத்துக்கு ஈடிப்பஸிடம் ஏச்சு வாங்குகிறவன் கிரயோன்தான். அவன் வெறும் முகத்தோடு நடித்தான். நான் இடையனாக நின்று, உண்மை சொல்லமாட்டேன் என்று அழுதேன். நல்லாய்ச் செய்தாய் என்றார் சேர்.

இடையனைப் பற்றி ஒன்றை நான் பிறகுதான் கவனித்தேன். லாயஸின் கொலையை நேரில் கண்டு உயிர் தப்பியவனும் அவனே. கொன்றது கொள்ளையர் கூட்டம் என்று சொல்லிவிட்டான். ஈடிப்பஸ் சிம்மாசனத்தில் இருப்பதைக் கண்டதும், நகரம் கண்ணில் படாத தூரத்து மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று அரசியின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறான்.

கிரயோன் மாதத்தில் ஒருமுறையாவது போன் எடுப்பான். ஒரு மணித்தியாலம் பழங்கதை பேசுவோம். முகமூடிக் கதை வந்தால் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன். இந்தக் கட்டுரை வரும் மலர் அவனுக்கும் தபாலில் போகிறது.