இனிப்பை நீட்டுகிற பையன்

"இவன் அழறானாப்பா?" என்று மகள் மொபைல் திரையில் விரலை வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1751-இல் லண்டனில் வெளியிட்ட நான்கு படக் கதையின் முதல் படம். அவள் எட்டிப் பார்த்ததும் மூடிவிடத்தான் நினைத்தேன். தெருவெங்கும் பையன்கள் நாய், பூனை, பறவை என்று கையில் கிடைத்ததை எல்லாம் வதைக்கிறார்கள். டாம் நீரோ என்பவன் ஒரு நாயை அம்பால் குத்துகிறான்.

அவள் கண் போனது பக்கத்தில் நிற்கும் பையன் மேல். தான் தின்ன வைத்திருந்த இனிப்பை நீட்டி, முழுசாக எடுத்துக்கொள், நாயை விட்டுவிடு என்று கண்ணீரோடு கெஞ்சுகிறான்.

டாம் விடவில்லை.

அடுத்த படத்தில் டாம் வண்டிக்காரன். கூலியை மிச்சம் பிடிக்க நான்கு கனத்த வக்கீல்கள் ஒரே வண்டியில் ஏறியதில் வண்டி சாய்ந்து, குதிரை கால் ஒடிந்து கிடக்கிறது. அதைப் போட்டு அடிக்கிறான். எனக்கென்னவோ அந்த வக்கீல்கள் மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

மூன்றாவதில் கர்ப்பமாக இருக்கும் காதலியைக் கொன்று பிடிபடுகிறான். நான்காவதை மகளுக்குக் காட்டவில்லை.

கால்நடைகளை வதைப்பதைத் தடுக்க இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1822-இல். 71 வருடம் கழித்து. அதுவரை எத்தனை பிள்ளைகள் இப்படிக் கையில் இருந்ததை நீட்டிக் கெஞ்சியிருப்பார்கள்!

"அந்தப் பையன் பேரு என்னப்பா?"

படத்துக்குக் கீழே உள்ள பாட்டை இரண்டு முறை படித்தேன். பெயர் இல்லை.