ஹைலக்ஸுக்கு வெளி அலாய் வீல்: நடுக்கத்துக்குக் காரணம் நட்டு

ஸ்டியரிங் 80 கிலோமீட்டர் வேகத்தில் நடுங்குகிறது என்று சொன்னால் போதும், டயர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு பேலன்சிங் மெஷினில் ஏற்றிவிடுகிறார்கள். வெளியில் வாங்கிய அலாய் வீல் மாட்டிய என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கும் அதேதான். பேலன்சிங், அலைன்மென்ட், மறுபடி பேலன்சிங். ஒவ்வொன்றுக்கும் பில். நடுக்கம் மட்டும் போகவே இல்லை.

புது வீல் 17 இன்ச், எட்டரை இன்ச் அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்) பூஜ்யம். பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், ஆறு ஓட்டைக்கு 139.7 மில்லிமீட்டர், அதில் சிக்கல் இல்லை. டயர் 265/65 ஆர்17. பழைய 265/60 ஆர்18-க்கும் இதற்கும் மொத்த உயரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் ஸ்பீடோமீட்டரிலும் மாற்றமில்லை.

கோளாறு நட்டில். டொயோட்டா அலாய்க்கு வரும் நட்டில் தட்டை வாஷர் இருக்கும், அதன் கழுத்து ஓட்டைக்குள் நேராக இறங்கும். வெளியில் வாங்கும் வீலில் பெரும்பாலும் ஓட்டை 60 டிகிரி சரிவாக, புனல் மாதிரி இருக்கும். அதற்குக் கூம்பு நட்டுதான் போட வேண்டும். டயர் கடைக்காரர்கள் பழைய நட்டையே ஏர் கன்னால் டர்ரென்று ஏற்றியிருக்கிறார்கள். கேட்டால், "திரெட் சேருதுல்ல சார், அப்புறமென்ன?" சேரத்தான் செய்யும், இரண்டும் எம்12, 1.5 பிட்ச்தானே!

கோயம்புத்தூர் கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் "மொதல்ல நட்டக் கழட்டுங்க தம்பி" என்றார். கழற்றினால், சரிவின் வாயோரத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ட் உரிந்து பளபளவென்று ஒரு வளையம். உள்ளே சரிவு முழுக்கப் புதுப் பெயின்ட் அப்படியே இருக்கிறது. வாஷர் விளிம்பில் தொத்திக்கொண்டுதான் ஓடியிருக்கிறது வண்டி. ஓரிரண்டு நட்டு ஸ்பானர் வைத்ததுமே சுழன்று வந்தது. "இதோட சேலம் போயிருந்தீங்கன்னா சக்கரம் உங்களுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்குமுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் அவர்தான் பிடித்தார். ஹப் (வீல் மாட்டும் இடத்தில் வண்டியின் நடுக்குமிழ்) 106 மில்லிமீட்டர், வீலின் நடு ஓட்டை 110. சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் சந்து. அந்த இடைவெளியை நிரப்ப அலுமினியத்தில் ஹப் ரிங் கடைந்து கொடுத்தார். கூம்பு நட்டு வீலைத் தானே நடுவுக்கு இழுக்கும்தான், ஆனாலும் ரிங் இருந்தால் மாட்டும்போதே வீல் நேராக உட்காருகிறது. சக்கரம் தொங்கும்போதே கையால் எதிரெதிர் வரிசையில் நட்டை ஏற்றினோம். அப்போது சுற்றை எண்ணுங்கள்: முழுசாக எட்டுச் சுற்றாவது போக வேண்டும், அதற்குள் நின்றால் அந்த நட்டு வேண்டாம். வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கிய பிறகு ஓனர்ஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்கினோம். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை. அவினாசி ரோட்டில் 80 தொட்டபோது ஸ்டியரிங் கம்மென்று இருந்தது.

ஆஃப்செட் விஷயத்தில் கடைக்காரர் பேச்சை நம்ப வேண்டாம். பழைய வீல் ஏழரை இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 30 மில்லிமீட்டர். புதியதன் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 43 மில்லிமீட்டர் வெளியே வருகிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்துக் காட்டினால் எதுவும் உரசாது. முழு லாக், அதாவது ஒரு பக்கம் கடைசி வரை, ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கில் சர்ரென்று இழுக்கும். "லோடு ஏத்தினா சரியாயிடும்" என்கிறார்கள், லோடு ஏறினால் மட்கார்டு டயரை நோக்கி இன்னும் இறங்கத்தானே செய்யும்? காசு கொடுக்கும் முன்பே லாக் ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். வீலின் உள்பக்கம் லோடு ரேட்டிங் அச்சடித்திருக்கும், அதையும் பாருங்கள், பின் ஆக்சிலுக்கு அனுமதித்த அதிகபட்ச எடையில் பாதிக்குக் குறைந்தால் தொடவே வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பழைய நட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல்தான், கூம்பு நட்டு அதற்கு ஆகாது. ஆறு நட்டைத் துணியில் முடிந்து ஜாக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.