எழுதுறதா, சொல்றதா

"நான் எழுதுறதெல்லாம் பொய் சார்" என்றானா அந்த மாணவன், "நான் சொல்றதெல்லாம் பொய் சார்" என்றானா? இரண்டு வருடமாக இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என் காதில் விழுந்தது 'சொல்றதெல்லாம்'. அன்று முன்வரிசை பெஞ்சில் இருந்த பிள்ளை ஒருத்தி, "இல்ல சார், எழுதுறதெல்லாம்னுதான் சொன்னான்" என்று அடித்துச் சொல்கிறாள்.

தை மாதக் கடைசி. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம் ஓடிக்கொண்டிருந்தது. கூற்று என்றால் மெய்யாக இருக்கவேண்டும், அல்லது தவறாக இருக்கவேண்டும், இரண்டுமாக இருக்கக் கூடாது. இந்த இடத்துக்கு வந்தால் எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் கை பரபரக்கும். 'இந்த வாக்கியம் பொய்' என்று முந்தின நாள் போர்டில் எழுதிப்போட்டேன். மெய் என்று எடுத்தால் பொய்யாகிறது, பொய் என்று எடுத்தால் மெய்யாகிறது. பிள்ளைகள் சொக்கிப்போனார்கள். அப்புறம் ஜூர்டெய்ன் என்ற ஆங்கிலேயர் 1913இல் சொன்ன அட்டைப் புதிர். சோப்பு டப்பா அட்டையைக் கிழித்து, ஒரு பக்கம் 'பின்பக்கம் இருப்பது உண்மை', மறுபக்கம் 'முன்பக்கம் இருப்பது பொய்' என்று எழுதித் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு வகுப்பு எனக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோதான் அமையும்.

மறுநாள் காலை அவன் வந்தான். ஐந்து நாள் வரவில்லை. நான்காக மடித்த தாளை நீட்டினான். 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால்' என்று வழக்கமான வரி. வாங்கும்போது அவன் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே சுணை பட்டுத் தடித்து, சொறிந்து சொறிந்து சிவந்த கோடுகள். காய்ச்சலில் படுத்தவன் கை அப்படி இருக்காது.

"காய்ச்சலாப்பா?" என்றேன். நல்லபடியாகத்தான் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

நான் அவனைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்தேன். "இவன் சொல்றதெல்லாம் பொய்யாம். அப்ப இது உண்மையா, பொய்யா?" வகுப்பே சிரித்தது. "நேத்து சொன்னதுக்கு உயிருள்ள உதாரணம் கிடைச்சிருச்சு" என்று வேறு சொன்னேன். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு, நடுவில் திருப்புதல் தேர்வுகள், நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க அந்த மாதத்தில் நேரம் ஏது? அவன் பெயரைச் சொல்லி யாரும் அப்புறம் கேலி செய்ததாகவும் தெரியவில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் கணக்கு வாத்தியாராகவே நான் செய்தது தப்பு. அதுதான் ஆறவில்லை.

எபிமெனிடிஸ் பழங்காலக் கிரேக்கர், கிரீட் தீவுக்காரர். கிரீட்காரர்கள் எப்போதும் பொய்யர்கள் என்று சொன்னவர் அவர்தான் என்பார்கள். இதையும் 'இந்த வாக்கியம் பொய்' என்பதையும் ஒன்றாகவே பலர் சொல்வார்கள், நானும் சொல்லிவந்தேன். இரண்டும் வேறு. 'எல்லாம் பொய்' என்பதன் மறுப்பு 'எல்லாம் உண்மை' இல்லை, 'ஒன்றாவது உண்மை' என்பதுதான். இதை வருடா வருடம் நானே நடத்துகிறேன். ஒருவன் 'நான் சொல்றதெல்லாம் பொய்' என்றால், அது உண்மையாக இருக்க முடியாது, தன்னையே அடித்துவிடும். சரி, அப்போது அது பொய். பொய் என்றால், அவன் சொன்னவற்றில் ஏதோ ஒன்று உண்மை. இந்த வாக்கியம் அந்த உண்மை இல்லை என்பதால், வேறு எங்கேயோ, வேறு எப்போதோ அவன் ஓர் உண்மை சொல்லியிருக்கிறான், அல்லது இனிமேல் சொல்வான். முடிச்சே இல்லை. கேட்கவேண்டிய கேள்விதான் இருக்கிறது: எதுப்பா உண்மை?

அந்தப் பிள்ளை சொல்வதுபோல் 'எழுதுறதெல்லாம்' என்றிருந்தால் இன்னும் எளிது. எழுதியதைப் பற்றி வாயால் சொல்கிறான். தன்னைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. ஒரு மொழியின் உண்மை பொய்யை அதற்கு ஒரு படி மேலே நின்றுதான் வரையறுக்க முடியும் என்று 1933இல் போலந்துத் தர்க்க அறிஞர் தார்ஸ்கி காட்டினார். பையன் தன் லெட்டருக்கு ஒரு படி மேலே ஏறி நின்றுதான் பேசியிருக்கிறான். நான்தான் கீழே இழுத்துப் போட்டேன்.

1975இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிரிப்கி எழுதிய கட்டுரையைப் பிறகுதான் படித்தேன். சாதாரணப் பேச்சில் வரும் ஒரு வாக்கியம் முடிச்சாகிறதா இல்லையா என்பதை அதன் வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது, வெளியே உள்ள நிலவரத்தைப் பொறுத்தது என்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நிலவரம் என் கண் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

இதை எங்கள் ஆங்கில ஆசிரியரிடம் ஒருநாள் சொன்னேன். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர். பைபிளில் தீத்துவுக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் அந்தக் கிரீட்காரர் சொன்னது வருகிறது என்றார். அதை எடுத்துச் சொன்ன பவுல் அடுத்த வசனத்திலேயே இந்தச் சாட்சி உண்மை என்கிறாராம். பவுலுக்குத் தர்க்கம் தெரியவில்லை என்று அதற்காகச் சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அவர் மேல் குறை சொல்ல வாய் வரவில்லை. அவர் அதைச் சாட்சியாகவாவது காதில் வாங்கினார்.

லெட்டரின் பின்பக்கத்தை நான் பார்த்தது தேர்வெல்லாம் முடிந்த பிறகு, வருகைப் பதிவேட்டை ஒப்படைக்கும்போது. பென்சிலில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, இப்படிப் பன்னிரண்டு கட்டு. தனியாக இரண்டு கோடு. அறுபத்திரண்டு மூட்டை. அதற்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக 20.1, 19.4, 18.6, 17.9. எல்லாம் அடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்கவேண்டாம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடை போடுவார்கள். பகலில் ரோட்டில் காயவைத்து, இரவில் தார்ப்பாய் மூடிப் பக்கத்திலேயே படுத்து, காலையில் மறுபடி மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறான். கடைசியில் விற்றதா என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. சோப்பு அட்டையை அத்தனை தடவை திருப்பிக் காட்டிய கைக்கு அதைத் திருப்பத் தோன்றவில்லை.

அவனையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. 'நெல்லுக்குக் காவல் இருந்தேன்' என்று எழுதியிருந்தால் நான் ஏற்றிருப்பேனா? பரீட்சை நேரத்தில் இது என்ன காரணம் என்று கத்தியிருப்பேன். உடல்நிலை சரியில்லை என்ற ஒரு வரியைத்தான் நாங்கள் வாங்கிக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தேர்ச்சி பெற்றான். கல்லூரிக்கு மனுப் போடவில்லை, திருப்பூர் போய்விட்டான். நான் கேட்டிருந்தால் போயிருக்க மாட்டான் என்று சொல்ல வரவில்லை. மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது, "அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே தம்பி, என்னப்பா அது?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

இந்த வருடமும் அந்தப் பாடம் தையில்தான் வருகிறது, அறுப்பும் அப்போதுதான். சோப்பு அட்டை செய்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. லீவு லெட்டரை வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் வெறும் தாள்தான்.