கரிச் சட்டியும் ஏழு மாணவிகளும்

ஜனவரி மாதம், ஊட்டி. அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு காட்டேஜிலிருந்து மூன்று பேரைக் கேஷுவால்டிக்குக் கொண்டு வருகிறார்கள். கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன். மூவருக்கும் தலைவலி, வாந்தி. பையன் கூப்பிட்டால் முனகுகிறான், கண்ணைத் திறக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி கடையில் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் மூவருக்கும் ஆக்சிஜன் அளவு 98. டூட்டியில் இருக்கும் நர்ஸ் நீங்கள்தான். என்ன செய்வீர்கள்?

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான். மேசையைச் சுற்றி ஏழு பேர், எல்லாரும் நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவிகள். ஒருத்தி சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பதினோரு வருடம் வகுப்பெடுத்ததில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று. டீச்சர் என்றால் பேச வேண்டும் என்று நமக்குப் பழகிவிட்டது. பேசாமல் இருந்தால் சம்பளத்துக்கு வேலை செய்யாத மாதிரி மனசு உறுத்துகிறது.

பிரச்சினை வழிக் கற்றல் என்று இதைச் சொல்கிறார்கள். பாடம் நடத்திவிட்டு அதற்கு ஒரு உதாரணம் சொல்வதற்கு நேர்மாறான முறை. முதலில் ஒரு நோயாளியின் கதை. அதில் தெரியாதது என்னென்ன என்று மாணவர்களே பட்டியல் போட வேண்டும். மூன்று நாலு நாள் தேடிப் படித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து பேச வேண்டும். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் 1969-ல் இப்படித் தொடங்கினார்கள், பிறகு நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் இதை ஏழு படிகளாக ஒழுங்கு செய்தது. நர்சிங்கிலும் பல நாடுகளில் வந்துவிட்டது. நம் ஊரில் இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டம், திறன் அடிப்படையிலான கல்வி என்று அழுத்திச் சொல்கிறது. அதைப் படித்தபோதுதான், சரி, நம் வகுப்பில் ஒரு சின்னக் குழுவை வைத்து முயன்று பார்ப்போம் என்று தோன்றியது.

எந்தப் பிரச்சினையைக் கொடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. படித்து முடித்து ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாட்ச்மேன் அண்ணனைக் கூட்டி வந்தார்கள். தலை வலிக்கிறது, நடந்தால் தள்ளுகிறது என்றார். பிரஷர் பார்த்தேன், ஆக்ஸிமீட்டரில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, டாக்டர் வார்டிலிருந்து இறங்கி வரும்வரை பெஞ்சில் படுத்திருங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. டாக்டர் வந்து அவர்மேல் குனிந்தார், ஸ்வெட்டரை ஒரு தரம் முகர்ந்தார், "ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்டார். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு அறை, குளிருக்கு ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி அடைத்து, கால்மாட்டில் இரும்புச் சட்டியில் கரி. அதற்குப் பிறகு நான் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடினேன். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பற்றி எனக்குத் தெரியாமல் இல்லையே! பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நோட்டில் இருந்த அந்த அரைப் பக்கமும் பெஞ்சில் படுத்திருந்த அந்த மனிதரும் என் மனதில் சந்திக்கவே இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் தாளில் எழுதி மாணவிகள் கையில் கொடுத்தேன்.

வகுப்புக்கு வருகிறேன். முதல் பதினைந்து நிமிடம் முழுக்க ஃபுட் பாய்சன்தான். மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், மூவருக்கும் வாந்தி, வேறென்ன இருக்க முடியும்? டிரிப் போடுவோம், ஓஆர்எஸ் கொடுப்போம் என்று பலகையில் எழுதிக்கொண்டே போனாள் குழுவுக்கு எழுத்தராக இருந்தவள். ஒரே ஒருத்தி மட்டும், "வயித்தால போகலையே" என்றாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் குறுக்கிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. "அவ என்ன சொன்னான்னு கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன். சரி, வயிற்றுப்போக்கு இல்லை, வயிற்றுவலி என்றும் தாளில் இல்லை, தலைவலி எதற்கு என்று பேச்சு கொஞ்சம் திரும்பியது.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண், பேச்சுக்கு நடுவே மேசைமேல் கிடந்த ஆக்ஸிமீட்டரைச் சும்மா எடுத்துத் தன் விரலில் மாட்டினாள். கை குளிர்ந்திருந்ததால் முதலில் எண்ணே வரவில்லை, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி மாட்டினாள். 95. பக்கத்திலிருந்தவள் விரலில் 96. இன்னொருத்திக்கு 94. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே நன்றாக இருப்பவர்களுக்கே கீழ்நாட்டைவிட ஒன்றிரண்டு குறைவாகத்தான் காட்டும், அது எங்களுக்கெல்லாம் பழகிய விஷயம். அவள் அந்தச் சிவப்பு எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மேடம், நல்லா இருக்கிற எனக்கே 95. வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கிற பையனுக்கு எப்படி 98 வரும்?" என்றாள்.

அறையில் சத்தம் அடங்கிவிட்டது. இந்தக் கேள்வியை நான் தாளில் எழுதி வைக்கவில்லை, எனக்கே அதுவரை தோன்றியதும் இல்லை. அவர்கள் பலகையில் இருந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள். மெஷின் கெட்டுப் போயிருக்குமா? மூன்று பேருக்குமா கெட்டுப் போகும்? அந்த மெஷின் உண்மையில் எதை அளக்கிறது? ஆக்சிஜனையா, வேறு எதையாவதையா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் அந்த வாரப் பாடமாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் கழித்து வந்தபோது நான் நடத்த வேண்டியதெல்லாம் அவர்களிடமே இருந்தது. அந்தக் கருவி ரத்தத்துக்குள் இரண்டு நிற ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டையும் கூட்டி ஒரே நல்ல எண்ணாகக் காட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். இதை ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி, அப்படியென்றால் டாக்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது, சந்தேகம் வந்த உடனே மாஸ்க் வைத்துவிட வேண்டும் என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அந்த வாட்ச்மேன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண் புத்தகம் எதையும் கொண்டுவரவில்லை, அவள் பாட்டியிடம் கேட்டு வந்திருந்தாள். கரி பற்ற வைக்கும்போது புகை வரும், அப்போது யாரும் உள்ளே வைக்க மாட்டார்களாம். புகை அடங்கி, மேலே சாம்பல் படிந்து, உள்ளே கங்கு கனிந்திருக்கும்போதுதான், இனி பயமில்லை என்று அறைக்குள் எடுத்து வருவார்கள். நீறு பூத்த நெருப்பு. அந்த நேரத்தில்தான் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். பாட்டி வீட்டில் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் குளிர் காய்வார்களாம், தூங்கப் போகும்போது சட்டி வெளியே போய்விடும். கீழே இருந்து வரும் டூரிஸ்ட்டுக்கு இது தெரியாது, குளிர் தாங்காமல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார்கள். எந்தப் பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருக்க முடியும்? அன்றைக்கு நானும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் தமிழில் பேசலாம் என்று சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது. நோட்ஸும் பரீட்சையும் இங்கிலீஷில்தான், அது இருக்கட்டும், மேல்படிப்புக்கும் வேலைக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் யோசிக்கிற நேரத்தில் பாதி மூளையை வாக்கியம் தப்பாகிவிடக் கூடாதே என்ற பயம் எடுத்துக்கொண்டால் மீதிப் பாதியில் என்ன யோசிப்பார்கள்? "வயித்தால போகலையே" என்று சொன்ன அந்தப் பெண் வகுப்பில் ஒரு வருடமாக வாயே திறந்ததில்லை. நோயாளியும் அவளிடம் தமிழில்தானே பேசப் போகிறார்.

இந்த முறையில் கஷ்டங்களும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஏழெட்டுப் பேருக்கு ஒரு டியூட்டர் வேண்டும். அறுபது பேர் உள்ள வகுப்புக்கு எட்டு டியூட்டருக்கு எங்கே போவது? ஒரு குழுவோடு உட்கார்ந்துவிட்டு மற்றவர்களை லைப்ரரிக்கு அனுப்பினேன், அவர்களுக்கு அது அநியாயம்தான், அடுத்தடுத்த வாரம் மாற்றி மாற்றி உட்கார்ந்தேன், பாடம் பின்தங்கியது, சனிக்கிழமைகள் போயின. சிலர் நாலு நாளும் ஒன்றும் தேடாமல் வந்து, படித்தவள் சொல்வதற்குத் தலையாட்டுவார்கள். பரீட்சைத் தாளோ இன்னும் காரணங்களை எழுதுக, அறிகுறிகளை எழுதுக என்றே கேட்கிறது, அதனால் "மேடம், கடைசியில நோட்ஸ் குடுத்துடுவீங்கல்ல?" என்று அவர்கள் கேட்டால் கோபப்படவும் முடியவில்லை. கொடுத்தேன். தவிர எல்லாவற்றையும் இப்படிக் கற்க முடியாது. ஊசி போடுவதையும் கதீட்டர் போடுவதையும் மருந்தளவு கணக்கையும் செய்து காட்டி, திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, தப்பினால் அங்கேயே கையைப் பிடித்துத் திருத்தித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அந்த ஏழு பேரும் கடைசியில் தாங்களாகவே ஒரு காரியம் செய்தார்கள். நாங்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும், நோயாளியிடம் கேட்டு எழுதும் ஹிஸ்டரி தாளில் கையால் மூன்று கேள்விகளைச் சேர்த்திருந்தார்கள். ராத்திரி எங்கே தூங்கினீர்கள்? அறைக்குள் கரியோ ஜெனரேட்டரோ கேஸ் ஹீட்டரோ இருந்ததா? கூட இருந்த வேறு யாருக்காவது இதே மாதிரி இருக்கிறதா? ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு பார்க்க வசதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த மூன்றையும் கேட்கலாமே மேடம் என்றார்கள். அந்தத் தாளை நான் அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது அடுத்த பிரச்சினையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழங்குடிப் பையன், பதினான்கு வயது, கை கால் மூட்டெல்லாம் தாங்க முடியாத வலி, வீக்கம் இல்லை, ஊசி கேட்டு அழுகிறான், நடிக்கிறான் என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொல்கிறார்கள். சிக்கிள் செல் ரத்தசோகை, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவிலேயே முதன்முதலாக இதை அடையாளம் கண்டது நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். 2023-ல் இதை ஒழிக்க தேசிய அளவில் இயக்கமே தொடங்கிவிட்டார்கள். நம் மாவட்டத்திலேயே படித்து முடிக்கும் ஒரு நர்ஸ், அந்த வலியை நடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது என்பது என் ஆசை. குளிரும், தண்ணீர் குடிக்காததும் அந்த வலியைக் கிளப்பிவிடும் என்பதால், கூடலூரிலிருந்து அவனை மலையேற்றி ஊட்டிக் குளிருக்கு பஸ்ஸில் கொண்டு வந்தார்கள் என்பதை வேண்டுமென்றே இரண்டாவது தாளில் வைத்திருக்கிறேன். போர்வையும் வெந்நீரும் பற்றி யாராவது கேட்கிறார்களா பார்க்கலாம் என்று.

எழுதியதை பந்தலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தியிடம் காட்டினேன். அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். நிதானமாகப் படித்தாள். பையனின் அம்மா சொல்வதாக நான் எழுதியிருந்த, "மூணு நாளா வலிக்குதுன்னு சொல்றான்" என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"மூணு நாள் வலிக்கெல்லாம் எங்க பக்கத்துல யாரும் ஊட்டி வரைக்கும் வர மாட்டாங்க மேடம். அன்னைக்குக் கூலி போயிடும், பஸ்ஸுக்கு வேற காசு வேணும். இங்க வந்தா திட்டுவாங்கன்னு பயம் வேற."

"அப்ப எத்தனை நாள்னு போடட்டும்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "பத்து நாள்னு போடுங்க. அப்புறம், அம்மா பேசறாங்கன்னு எழுதாதீங்க. அவங்க ஓரமா நின்னுட்டு இருப்பாங்க. கூட வந்த யாராவது ஒரு அண்ணன்தான் பேசுவாரு."

அந்த வரியை அடித்துவிட்டு அவள் சொன்னபடி மாற்றி எழுதினேன். இந்த வெள்ளிக்கிழமை அந்தத் தாள் வகுப்புக்குப் போகிறது.